நாற்பது நாள் வெள்ளைச் சோறு

டெலாங்கு
21 பிப்ரவரி 1988

அன்புத் தங்கை வுர்யானிக்கு,

ஆண்டவன் கருணையால் இங்கே நானும் உன் அத்தானும் அவருடைய முப்பத்தெட்டு வாத்துகளும் நலம். கடல் தாண்டி லாம்புங்கில் நீயும் உன் மகள் திதிஸும் நலமா? உன் சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்கள் நலமா என்று கேட்கமாட்டேன். அவர்கள் நலமாகிவிட்டால் உனக்கு நர்ஸ் வேலை போய்விடும்.

ரஜப் மாதம் பிறந்ததும் ஊரில் கல்யாணம் ஒன்றன்மேல் ஒன்று. இந்த மாதம் மட்டும் நான்கு மணப்பெண்களுக்கு நெற்றிக்கோலம் போட ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருத்திக்கும் ஏழு நாள் வெள்ளை விரதம். உப்புகூட இல்லாத வெறும் சோறு, தண்ணீர், தீர்ந்தது. கோலம் போடுகிறவள் வாயைக் கட்டினால்தான் பெண் தன்னைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத அழகியாவாள், குடித்தனமும் நிலைக்கும் என்பது உனக்குத் தெரியாததல்ல. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஏழு நாள் இருந்தால் ஆகாதா என்று உன் அத்தான் கேட்டார். வாத்து வியாபாரி புத்தி.

விரதம் இல்லாத நாளில் பசியே எடுப்பதில்லை. கறுப்பாக ஒரு டம்ளர் தேநீர், இரண்டு கை சோறு, போதும். ஆனாலும் என் இடுப்பைப் பார்த்து நான் விரதக்காரி என்று ஒருவரும் நம்புவதில்லை.

ஒரு கூத்து கேள். போன வாரம் கல்யாண வீட்டிலிருந்து ராணி மாதிரி கடைத்தெரு வழியாக நடந்து வந்தேன். வாசலில் உன் அத்தான், "ஒத்தச் செருப்போட எங்க ஊர்வலம் போயிட்டு வர்ற?" என்றார். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். எங்கே கழன்றதோ, எனக்கே தெரியவில்லை. வழியில் என் தொழில் போட்டிக்காரி இபு தர்மி ஏன் அவ்வளவு மரியாதையாகச் சிரித்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

மூக்கில் சிரிப்பு வந்தால் தும்மிவிடு.
உன் அக்கா,
குஸ்தினா


மெட்ரோ, லாம்புங்
14 மார்ச் 1988

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்களுக்கும் அத்தானுக்கும் சலாம். இங்கே இருவரும் சுகம். மிளகுக் கொடி இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது.

முக்கியமான செய்தி. திதிஸுக்கு இடம் அமைந்துவிட்டது. பையன் பெயர் ஹெர்மான், பள்ளிக்கூடத்து வாத்தியார். குறைவாகப் பேசுகிறான், நிறையச் சாப்பிடுகிறான். ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை. நம் டெலாங்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். பெரியம்மா கையைத் தவிர வேறு கை தன் நெற்றியில் படக்கூடாது என்கிறாள் உங்கள் மகள்.

உங்கள் கடிதத்தை அவள் உரக்கப் படித்தாள். விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு பாத்திரம் துலக்கும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா, செருப்பு கழன்றதுதான் தெரியவில்லையா, காலுக்குத் தரையே தெரியவில்லையா? மறக்காமல் எழுதுங்கள்.

பணிவுடன்,
வுர்யானி


டெலாங்கு
12 ஏப்ரல் 1988

என் தங்கமே,

நலம், நலம், பத்துத் தரம் நலம். கல்யாணச் செய்தி வந்த அன்று வாத்துகளுக்குக்கூட இரட்டைப் பங்கு கிடைத்தது. செருப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். செருப்பு பழசு. அடுத்த விஷயத்துக்கு வருவோம்.

திதிஸுக்கு ஏழு நாள் விரதம் பற்றாது. நாற்பது நாள் இருக்கப்போகிறேன். ஜூன் 28 அன்று தொடங்கினால் கணக்கு சரியாக வரும். இந்த ஜில்லாவில் எந்த மணப்பெண்ணுக்கும் எவளும் நாற்பது நாள் இருந்ததில்லை. இபு தர்மி கேட்டுவிட்டு வெற்றிலையை மெல்ல மறந்தாள்.

இந்த மாதம் ஐந்து பெண்கள் முடிந்தன. அடுத்த வாரம் ரமலான் நோன்பு வருகிறது, கல்யாணம் இல்லை, அதுவும் ஓய்வுதான். உடம்புக்கு என்ன, கணுக்கால் மட்டும் சதை போட்டிருக்கிறது. வாழ்நாளெல்லாம் வாத்து வளர்த்தவருக்கு வாத்துக்கால் பெண்டாட்டி வாய்த்தாள் என்று உன் அத்தான் மகிழ்கிறார். மேடை ஏறினால் மூச்சு என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விடுகிறது. உள்ளங்கையில் எறும்பு ஊர்கிறது. உதறிப் பார்த்தால் எறும்பைக் காணோம். கொண்டை ஊசி கீழே விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் அது என் கையில் இல்லை என்று தெரிகிறது. ஐம்பதை நெருங்குகிறவளுக்கு இதெல்லாம் நகை மாதிரி.

நோன்பு நாள் நலமாகக் கழியட்டும்.
குஸ்தினா


மெட்ரோ
29 ஏப்ரல் 1988

அக்காவுக்கு,

சலாம். அத்தானுக்கும் வாத்துகளுக்கும் என் விசாரிப்பு.

நீங்கள் நகை என்று எழுதியதை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். செருப்பு, கணுக்கால், மூச்சு, எறும்பு, ஊசி. எங்கள் நிலையத்தில் அப்படி ஒரு தாளோடு ஆள் வந்தால் நான் உட்கார வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுவேன்.

ஒன்று செய்யுங்கள். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்தி பத்து எண்ணுங்கள். விரலை எடுத்த பிறகு குழி நிற்கிறதா என்று எழுதுங்கள்.

நம் டெலாங்கு அரிசி ஜாவாவிலேயே வெள்ளை என்று பெருமைப்படுகிறோம். அந்த வெள்ளைக்காகத் தீட்டும்போதே வைட்டமின் பி1 தவிட்டோடு போய்விடுகிறது. மிச்சத்தை நீங்கள் நாலு தண்ணீரில் களைந்து கொட்டுகிறீர்கள். எஞ்சியதன்மேல் கறுப்புத் தேநீரை ஊற்றுகிறீர்கள், அதுவும் அந்தச் சத்துக்கு எதிரி. தவிடு அத்தானின் வாத்துகளுக்குப் போகிறது. உங்கள் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுவது அவை மட்டும்தான்.

நோன்பு திறக்கும்போது பச்சைப்பயறும் சோயா தெம்பேயும் முட்டையும் சாப்பிடுங்கள். கிளாத்தெனில் டாக்டரைப் பாருங்கள். நாற்பது நாள் பேச்சை விட்டுவிடுங்கள்.

வுர்யானி


டெலாங்கு
24 மே 1988

வுர்யானிக்கு,

பெருநாள் வாழ்த்து. தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொள். இது எல்லோரும் எல்லோருக்கும் எழுதுவதுதான், ஆனால் நான் சும்மா எழுதவில்லை.

அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. நின்றது. உன் அத்தான் ஒரு சுருட்டுப் பற்றவைத்து முடிக்கும்வரை நின்றது. அதில் கொஞ்சம் மிளகாய்த் துவையல் வைத்தால் ஒருவர் தாராளமாகத் தொட்டுக்கொண்டு சாப்பிடலாம்.

தவிட்டைச் சாப்பிடச் சொல்கிறாய். வாத்தும் நானும் ஒரே பந்தியா? சின்ன வயதில் உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சொல்லி உன்னை அழவிடுவேன். முப்பத்தைந்து வருஷம் காத்திருந்து பழி வாங்குகிறாய்.

நாற்பது நாளைப் பற்றி மட்டும் இனி எழுதாதே. உன் கல்யாணத்துக்கு நான் செய்திருக்க வேண்டியதை ஒழுங்காகச் செய்யவில்லை. அதற்குமேல் கேட்காதே. திதிஸுக்கு அப்படி ஆகவிடமாட்டேன்.

என் எழுத்து பெரிதாகிவிட்டது என்று நினைப்பாய். பேனா வழுக்குகிறது. மலிவுப் பேனா.

அக்கா


மெட்ரோ
8 ஜூன் 1988

அக்காவுக்கு,

பெருநாள் வாழ்த்து உங்களுக்கும். எங்களுக்குச் சுகம். உங்களுக்கு இல்லை.

உங்கள் கடிதத்தில் குழி பற்றிய வரியை டாக்டரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இது பி1 குறைவால் வரும் பெரிபெரி, கால் நரம்பைத் தொட்டாகிவிட்டது, கை நரம்பையும் தொட்டிருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் இதயத்தின் வாசலில் நிற்கிறது என்றார். ஊசி போட்டுச் சாப்பாட்டை மாற்றினால் திரும்பலாம். இந்த நிலையில் நாற்பது நாள் வெறும் சோறு தின்றால் கல்யாணத்துக்கு இழவு வீட்டிலிருந்துதான் புறப்பட வேண்டியிருக்கும் என்றார்.

ஆகவே என் முடிவு. விரதம் தொடங்கினீர்கள் என்று தெரிந்தால் கல்யாணம் இங்கே மெட்ரோவில் நடக்கும். கடைவீதியில் ஒரு அழகு நிலையம் இருக்கிறது. அந்தப் பெண் நெற்றிக்கோலத்தை அட்டையில் வெட்டி ஒட்டுகிறாள், மல்லிகையும் பிளாஸ்டிக். முன்பணம் கேட்டிருக்கிறாள்.

பதில் உடனே வேண்டும்.
வுர்யானி


டெலாங்கு
27 ஜூன் 1988

தங்கை வுர்யானிக்கு அத்தான் சகிமான் எழுதுவது.

சலாம். நலம் என்றுதான் தொடங்க வேண்டும், பழக்கம் அப்படி.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். உன் அக்கா உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பதில் எழுதாமல் இருக்கிறாள். வியாழக்கிழமை ஒரு கல்யாண மேடைப் படியில் கால் மடங்கி விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே சமையல்காரியைக் கிண்டல் பண்ணினாள், எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் பாதத்தில் ஆணி. ரத்தம் காய்ந்திருந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை.

நாளைக்கு விரதம் தொடங்குகிறாள். தடுத்தேன். "இது எனக்கும் வுர்யானிக்கும் நடுவுல இருக்கிற விஷயம், நீங்க வாத்தப் பாருங்க" என்கிறாள். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

நான் எழுதியது அவளுக்குத் தெரிந்தால் எனக்கும் வெள்ளைச் சோறுதான்.

சகிமான்


மெட்ரோ
3 ஜூலை 1988

குஸ்தினா,

அக்காவை நீ என்று எழுதுகிறவள் நம் ஊரில் இல்லை. இன்று நான் எழுதுகிறேன். நலமா என்று கேட்கவும் போவதில்லை.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு காலையில், நீ என்னைப் பாயில் உட்காரவைத்து நெற்றியில் கோலம் போட்டாய். உன் ரவிக்கைக் கையில் ஆட்டுக்கறி சாத்தே சுட்ட புகை வாசம் அடித்தது. வெங்காயமும். சந்தையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாய். மூன்று நாளாக வெறும் சோறு தின்றிருந்த எனக்கு எச்சில் ஊறியது. எனக்கு இரண்டு குச்சி மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான். அன்றும் அவ்வளவுதான், இன்றும் அவ்வளவுதான்.

என்னைக் கட்டிய பர்ஜோ ஆறு வருஷம் கழித்து லாரியையும் இன்னொருத்தியையும் ஓட்டிக்கொண்டு பாலெம்பாங் போனான். அதற்குக் காரணம் பர்ஜோ. ஆடு அல்ல.

அதற்குப் பிறகு நீ ஒரு விரதத்தையும் முறிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்காமல் இருந்தேன், நீ ஒவ்வொரு பெண்ணுக்காகவும் பட்டினி கிடந்தாய். சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் குற்றம், அதற்கு நான் வேறு விரதம் இருக்கமாட்டேன்.

திதிஸுக்கு அப்பா கிடையாது. பெரியம்மாவும் இல்லாமல் அவளை மேடையில் உட்கார வைக்க என்னால் முடியாது. சாப்பிடு.

வுர்யானி


டெலாங்கு
20 ஜூலை 1988

வுர்,

உன் கடிதம் 9ஆம் தேதி வந்தது. படித்தேன். இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூக்கு இவ்வளவு நீளமான தங்கையை வைத்துக்கொண்டு எவள் இரகசியம் காப்பாற்ற முடியும்? மூன்றாம் நாள் கோபம் போயிற்று. வெட்கம் போகவில்லை. அதனால் விரதத்தையும் விடவில்லை. உண்மையை எழுதிவிடுகிறேன். நீ சொன்னதால் நான் சாப்பிடவில்லை.

16ஆம் தேதி சாவிட் ஊர்ப் பக்கத்தில் ஒரு கல்யாணம். அது என் விரதத்தின் பத்தொன்பதாம் நாள். பென்சிலால் கோடு போட்டாகிவிட்டது. மை தொட்டு நடு வளைவை நிரப்பினேன். மூங்கில் குச்சி என் விரலில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. கை தானாக இறங்கிற்று. கோடு நெற்றியைத் தாண்டிப் புருவத்தில் போய் விழுந்தது. அந்தப் பெண் கண்ணாடியில் பார்த்துவிட்டு அழாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலாம்.

பெண்ணின் தாய் என் பக்கத்தில் குனிந்து, "விரதத்த முறிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"முறிக்கல. அதான் இப்படி ஆயிருக்கு," என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. இருபத்தேழு வருஷமாகப் போடுகிறேன் வுர். சாத்தே தின்றுவிட்டு வந்த அன்றுகூட என் கோடு புருவத்துக்குப் போகவில்லை. எந்தப் பெண்ணின் நெற்றிக்காக வாயைக் கட்டினேனோ அந்த நெற்றியை அந்தப் பட்டினிதான் கெடுத்தது.

வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அந்தம்மாள் சோறு கொண்டுவரப் போனாள். சோற்றைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்டேன். பொரித்த தெம்பே, முட்டை, பயற்றுக் கஞ்சி வந்தது. மணப்பெண் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டேன். கல்யாண வீடு முழுக்க வாசலில் நின்று பார்த்தது, யானை வாழைமரம் தின்பதைப் பார்க்கிற மாதிரி. பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, துடைத்துத் துடைத்து மறுபடி போட்டேன். ஒரு தட்டுச் சாப்பாட்டில் கை வந்துவிடவில்லை. பிடிவாதத்தில் போட்டேன்.

மறுநாளே கிளாத்தென் டாக்டர். மூஞ்சியில் மீசை முளைக்காத பிள்ளை, என்னை என்ன திட்டுத் திட்டுகிறான். தினம் இடுப்பில் ஊசி. தேநீர் நிறுத்தம். தவிட்டை வறுத்து வெல்லம் போட்டு உருட்டித் தின்கிறேன். வாத்துகள் கோபமாகப் பார்க்கின்றன.

கை பழக ஒரு நெற்றி வேண்டுமே. உன் அத்தானுடைய நெற்றி பின்கழுத்துவரை போகிறதல்லவா, காலை தோறும் அதில்தான் கோலம். திங்கட்கிழமை மறந்துபோய் அப்படியே சந்தைக்குப் போய்விட்டார். ஒருவர் மணவாழ்த்துச் சொன்னாராம்.

பிளாஸ்டிக் மல்லிகைக்காரியை வேண்டாம் என்று சொல்லிவிடு. ஆகஸ்ட் ஏழுக்குள் என் கை தேறாவிட்டால் நானே வேறு ஆளைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காருவேன். நடுங்கும் கையோடு நம் பெண்ணின் நெற்றியைத் தொடமாட்டேன். தேறினால் தொடுவேன். இது உனக்கு அடங்கி எடுத்த முடிவல்ல, நானே எடுத்தது.

நீ என்று எழுதியதை மன்னித்தேன். பழக்கமாக்கிக்கொள்ளாதே.

குஸ்தினா


மெட்ரோ
27 ஜூலை 1988

அக்காவுக்கு,

நலமாக வருகிறீர்கள் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நானும் திதிஸும் மாப்பிள்ளையும் முதல் தேதி பஸ் ஏறுகிறோம். ஊசி ஒரு நாளும் தவறக்கூடாது. மருந்துச் சீட்டை எடுத்து வையுங்கள், வந்ததும் பார்ப்பேன்.

பிளாஸ்டிக் மல்லிகைக்காரி என்று ஒருத்தி இந்த ஊரில் இல்லை. மன்னிக்கவும்.

பணிவுடன்,
வுர்யானி


டெலாங்கு
11 செப்டம்பர் 1988

அன்புத் தங்கைக்கு,

பஸ்ஸில் போனவர்கள் இடுப்புச் சேதமில்லாமல் சேர்ந்தீர்களா? மாப்பிள்ளை வழியில் எத்தனை தரம் சாப்பிட்டார்? இங்கே நாங்கள் சுகம். நான் சுகம் என்று எழுதினால் இனி நீ சந்தேகப்படுவாய், அதனால் எண்ணிக்கையோடு எழுதுகிறேன். குழி பத்து எண்ணுவதற்குள் மறைகிறது. மேடைப் படி ஏழும் மூச்சோடு ஏறினேன். வலது கை சுண்டு விரல் மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறது. நரம்புக்கு அவசரம் தெரியாது, மாதக்கணக்கில் ஆகும் என்கிறான் டாக்டர்.

திதிஸின் கோலத்துக்கு மூன்று மணி நேரம் எடுத்தேன், முன்பெல்லாம் ஒன்றே போதும். இடது வளைவு ஒரு நூல் இறங்கியிருந்தது. நீ பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். பிள்ளை ஒன்றுமே தெரியாமல் ஜொலித்துக்கொண்டிருந்தாள்.

சூரா மாதம் கல்யாணம் கிடையாது, ஓய்வு. ஆனால் மௌலூத் மாதத்துக்கு இப்போதே ஆள் வருகிறார்கள். முந்தாநாள் ஒரு பணக்கார வீட்டம்மாள், எத்தனை நாள் வெள்ளை விரதம் இருப்பீர்கள் என்று முதல் கேள்வியாகக் கேட்டாள். பிரார்த்தனை பண்ணுவேன், குளித்துச் சுத்தமாக வருவேன், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவேன் என்றேன். அவள் முகம் மாறிற்று. "அப்ப என் பொண்ணு வாழ்க்கைக்கு யார் பொறுப்பு?" என்றாள்.

"நெத்திக்கு நான் பொறுப்பு. வாழ்க்கைக்கு அவளும் மாப்பிள்ளையும் பொறுப்பு. என் உடம்புக்கு நான்தான் பொறுப்பு, அதை வேற யாரும் பாத்துக்கிறதா இல்ல," என்றேன். அவள் இபு தர்மியின் மருமகளிடம் போய்விட்டாள். இப்படி இதுவரை மூன்று பேர் போனார்கள். இரண்டு பேர் இருந்தார்கள். போகட்டும். இரண்டு நெற்றியை ஒழுங்காகப் போட எனக்குக் கை இருக்கிறது.

இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். சமையலறையிலிருந்து அவசரமாக வரும்போது இடது கால் கட்டைவிரலை அலமாரிக் காலில் இடித்துக்கொண்டேன். உயிர் போகிற வலி. தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அலறினேன். உன் அத்தான் வாத்துக் கொட்டகையிலிருந்து வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். என்ன ஆயிற்று, எங்கே வலிக்கிறது என்று பதறினார்.

"வலிக்குதுங்க," என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து நெடுநேரம் சிரித்தேன்.

உன் அக்கா,
குஸ்தினா